வைலி டார்வருக்கு யார் பதில் சொன்னது?

நம்பினால் நம்புங்கள், கிழவன் உளறுகிறான் என்று சிரித்தாலும் சரி. 1882 ஆகஸ்ட் 12, பிற்பகல் மூன்று இருபது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எங்கள் ஊர் நீதிமன்ற மைதானம். பட்டப்பகலில் அந்த மேடையில் நின்றவன் நான்.

உள்நாட்டுப் போரில் எங்கள் தலைவர் ஜெனரல் ப்ரூயிட். அப்போது ஆளுநர் தேர்தலில் நின்றார்; நான் அவருடைய எழுத்தர். பழைய வீரர்கள் கூடினால் செத்தவர்கள் பெயரையும் கூப்பிடுவது வழக்கம். உயிரோடிருப்பவன் ஒருவன் "களத்தில் மாண்டான்" என்று பதில் சொல்வான்.

அன்று பட்டியலில் ஒரு பெயர் கூடியிருந்தது. வைலி டார்வர். பட்டியலோடு ஜெனரலிடம் போனேன்.

"ஐயா, இவன நாமதானே சுட்டோம்?"

"ஓடிப்போனவனச் சுட்டோம். இப்ப வீரனாக்குறோம். அவன் சொந்தக்காரங்க முந்நூறு ஓட்டுடா, ஏமஸ். பதில் நீ சொல்லு."

"அவன் சம்சாரம் வருமே..."

"முன்வரிசையில உக்கார வை. அழுதா இன்னும் நல்லது."

பிரசவ வலியில் கிடந்த அந்த மனைவியைப் பார்க்கத்தான் வைலி படையை விட்டு ஓடினான். அதற்குத் தண்டனையாக 1864இல் ஆறு பேர் வரிசையாக நின்று சுட்டோம். ஒரு துப்பாக்கியில் மட்டும் குண்டு இருக்காது, வெறும் வெடிமருந்துதான். எது என்று யாருக்கும் தெரியாது. கொன்றது நானில்லை என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொள்ளலாம். ஜெனரலே தன் கையால் நிரப்பிக் கொடுத்தார். வெற்றுத் துப்பாக்கி என்னுடையதுதான் என்று பதினெட்டு வருடம் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் தூங்கினேன்.

மூன்று இருபது.

"வைலி டார்வர்!" ஜெனரல் கூப்பிட்டார்.

வாயைத் திறந்தேன். அதற்குள்...

"இருக்கேன், ஐயா."

மேடைக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே செங்கல் சுவர் மட்டுமே.

கூட்டம் அசையவில்லை. அவன் மனைவி மட்டும் எழுந்து நின்றாள்.

"எவன்டா அது?" ஜெனரலின் குரல் உடைந்தது.

"சொல்லுங்க ஐயா... நான் எங்க செத்தேன்?"

டக்... துப்பாக்கிக் குதிரை இழுபடும் சத்தம்.

வெடிக்கவில்லை. புகையில்லை.

ஜெனரல் என் காலடியில் விழுந்தார்.

வெயிலில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். மாலை ஐந்தரைக்கு டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"சட்டையில ஓட்டையில்ல. சொட்டு ரத்தமில்ல. ஆனா நெஞ்சுல குண்டு பாஞ்ச மாதிரி கருப்புத் தழும்பு..."

"எத்தன?"

ஐந்து என்று சொல்லிவிட வேண்டும். கடவுளே, ஐந்து.

"ரெண்டு தடவை எண்ணிப் பாத்தேன், ஏமஸ். ஆறு."