நல்ல துவக்கும் வலது கையும்

பாதியில் சேவ் பண்ண முடியாத கொம்பியூட்டர் விளையாட்டைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் ஒருநாளும் அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்து விளையாடியிருக்க மாட்டான். அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். முக்கால்வாசித் தூரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய், கடைசி மூலையில் எவனோ சுட்ட ரவை பட்டுச் செத்தால், திரும்பவும் முதல் கேற்றடியிலிருந்து தொடங்கு என்கிறான். கோதாரி விழுவான். நடந்த தூரத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

தொண்ணூறுகளின் கடைசியில், ஊரை விட்டு வெளிநாடு வந்திருந்த நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். நான், என் கணவர், பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள். அவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் வேலை. எனக்கு ஒரு பக்டரியில், லைன் என்கிற வேலை வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்து மின்சாரப் பலகைகளுக்குச் சின்னச் சின்னத் திருகாணி முறுக்குகிற வேலை. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ட்ரீட்காரால் இறங்கும்போது ஐஸில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு உடைந்துவிட்டது.

மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்று வெளியே வந்த கை என்னுடையது மாதிரியே இல்லை. மெலிந்து வெளிறிப்போயிருந்தது, விரல்கள் மடங்க மறுத்தன. பக்டரி சூப்பர்வைசர் ரெலிபோனில் சொன்னார்: ஈஸ்ரருக்கு அடுத்த கிழமை திங்கட்கிழமை வா, ஒரு காலைப்பொழுது லைனில் இருந்து காட்டு, கை ஓடினால் உன் கதிரை உனக்கு, ஓடாவிட்டால் பாக்கிங்குக்குப் போ. பாக்கிங் என்றால் லொறிகள் வந்து நிற்கிற கதவடியில் நின்று பெட்டி மடிப்பது. பெட்டி மடிப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்டரிக்குள் நான் விளக்குமாற்றோடு போனவள். நிலத்தைக் கூட்டிக்கொண்டே லைனில் இருந்தவர்களின் கைகளைப் பார்த்து வேலை பழகினேன். கேட்டுக் கேட்டு, சண்டை பிடித்து, அந்தக் கதிரையில் ஏறினேன். அதிலிருந்து இறங்க நான் தயாராக இல்லை.

அதனால் கையைக் காப்பாற்றத் தொடங்கினேன். கம்பளிச் சால்வையால் சுற்றி வைத்தேன். இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன். இடியப்பத்தைக் கடையில் வாங்கினேன். பிசியோதெரபி செய்கிற பெண் அமத்தி அமத்திப் பழகச் சொல்லித் தந்த மெத்தென்ற பந்தை அலுமாரிக்குள் பத்திரமாக வைத்தேன். கை திங்கட்கிழமைக்கு வேண்டும், இப்போதே வீணாக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

மார்ச் விடுமுறை வந்தது. பள்ளிக்கூட வேலைக்கென்று வாங்கிய கொம்பியூட்டரில் மகள் துவக்கால் சுட்டுச் சண்டை பிடிக்கிற விளையாட்டு ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு துறைமுகம். கேற்றடியில் தொடங்கி, பெரிய இரும்புப் பெட்டிகள் அடுக்கிய முற்றங்களைக் கடந்து, மறுகோடியில் நிற்கிற படகில் ஏற வேண்டும். ஏறினால்தான் சேவ் பண்ண விடுவான்.

"அம்மா, ட்ரை பண்ணிப் பாருங்கோ. லெஃப்ட் ஹாண்டாலை நடக்கிறது, ரைட் ஹாண்டாலை சுடுறது."

"எனக்கென்ன விசரே? கை பழுதாப் போகும்."

"இட்ஸ் ஜஸ்ட் அ மவுஸ், அம்மா. ஒரு பாரமும் இல்லை."

ஒரு பகிடிக்குக் கதிரையில் இருந்து பார்த்தேன். கேற்றைத் தாண்டவில்லை, செத்துப்போனேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெற்ற பிள்ளை சிரித்தாலும் சிரிப்புச் சிரிப்புத்தானே, எனக்குச் சன்னதம் ஏறிவிட்டது. "எழும்படி அங்காலை" என்று சொல்லிக் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் துவக்குகள் கிடந்தன. செத்தவன் கையிலிருந்து விழுந்தது, பெட்டிக்குப் பின்னால் சாத்தி வைத்தது, எல்லாம் நல்ல புதுத் துவக்குகள். எடுக்கப் போனால் ஏற்கெனவே கையில் இருந்தது கீழே விழுந்தது.

"என்ரை ஏன்டி கீழை விழுது?"

"ரெண்டுதான் அம்மா. யூ கான் ஒன்லி கரி டூ. ஒண்டை எடுத்தா ஒண்டை விடோணும்."

"ஆர் சொன்னது?"

"கேம் சொல்லுது."

"கேமுக்கு என்ன தெரியும்? இடம்பெயர்ந்து போகேக்கை உன்னை ஒரு இடுப்பிலை, அரிசிப் பையை மற்ற இடுப்பிலை, தலையிலை உடுப்பு மூட்டை, கையிலை லாம்பு. அப்பிடி நடந்தவள் நான். இவன் ஆம்பிளை, இரண்டு துவக்குக்கு மேலை தூக்க ஏலாதாமோ?"

"அம்மா, தட்ஸ் நொட் த பொயின்ற்" என்றாள். எனக்கு அதுதான் பொயின்ற்.

வேலையால் வந்த கணவர் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று பார்த்தார்.

"இஞ்சேரும், துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்த ஆள் நீர். இதென்ன கூத்து?"

"அங்கை துவக்கு வேறை ஆக்களின்ரை கையிலை இருந்தது. இஞ்சை என்ரை கையிலை இருக்கு. போய்த் தேத்தண்ணி போடுங்கோ."

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினிக்குப் போனார்.

நாள்தோறும் விளையாடினேன். அவர்கள் இருவரும் வீட்டில் இல்லாத பகல்களிலும் தனியே இருந்து விளையாடினேன். என்னிடம் ஒரு நல்ல துவக்கு இருந்தது. எவ்வளவு தூரத்தில் நிற்கிறவனையும் ஒரே வெடியில் விழுத்தும், ஆனால் ரவை கொஞ்சம்தான். அதை முதுகில் போட்டுக்கொண்டு, சின்னத் துவக்கால் 'டிக் டிக்' என்று சுட்டுக்கொண்டு போவேன். நல்லதைக் கடைசிக்கு வைத்திருக்க வேண்டும், அங்கேதான் தேவைப்படும் என்று நினைப்பு. அந்தக் கடைசி வருவதற்குள் யாராவது ஒருவன் மூலையால் வந்து என்னை முடித்துவிடுவான். செத்து விழும்போது பார்த்தால் நல்ல துவக்கில் ஒரு ரவையும் குறைந்திருக்காது.

"நல்லதை நீங்கள் எடுக்கவே இல்லை அம்மா. ஒவ்வொரு முறையும் ஃபுல்லா வைச்சுக்கொண்டே சாகிறீங்கள். ஷோகேசிலை இருக்கிற பிளேற்றுகள் மாதிரி."

"வாயைப் பொத்தடி" என்றேன்.

விளையாட்டை இடையில் நிறுத்தி வைக்கலாம், அது முடியும். ஆனால் கொம்பியூட்டரை அணைத்தால் எல்லாம் போச்சு. ஒருநாள் பின்னேரம் முதல்முறையாகக் கடைசி முற்றம் வரை போய்விட்டேன். படகு தெரிந்தது. கை நடுங்கத் தொடங்கியது, குறி நிற்கவில்லை. சரி, கொஞ்சம் சுடுதண்ணியில் கையை வைத்து எடுப்போம் என்று நிறுத்திவிட்டுக் குளியலறைக்குப் போனேன். திரும்பி வந்தால் திரை கறுப்பு. கணவர் சோபாவில் இருந்து பேப்பர் வாசிக்கிறார்.

"படம் ஒண்டும் ஓடேல்லை, சும்மா நிண்டது. அதுதான் நிப்பாட்டினன். கரண்ட் வீண்தானே."

"கரண்ட் வாடகையோடை சேர்த்தியெல்லோ, மனிசா!"

வெண்ணெய் திரள்கிற நேரத்தில் தாழியை உடைத்துவிட்டு முகத்தைப் பார், ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி. ஆளில்லாத அறையில் லைற் எரிந்தால் ஓடிப்போய் அணைப்பது அவருக்கு ஊரிலிருந்தே வந்த வியாதி, இங்கே வந்தும் மாறவில்லை. அன்று அவருக்குச் சோறு போட்டேன், கதைக்கவில்லை.

மகளுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, ச்சீற் கோட் ஒண்டு இருக்கு. அடிச்சா ரவை முடியவே முடியாது."

"வேண்டாம்."

"அப்ப லாஸ்ற் பார்ட்டை மட்டும் நான் விளையாடித் தாறன்."

"பக்டரியிலை திங்கட்கிழமை உன்ரை கையைக் கொண்டுபோய்க் காட்டலாமோ?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சால்வையை மெல்ல விலக்கிக் கையைப் பார்த்தாள்.

"நோகுதோ?"

"நோகுது" என்றேன். அதுவரைக்கும் அதை ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

அந்தக் கிழமை பிசியோவுக்குப் போகிற முறை வந்தது. அந்தப் பெண் என் கையை மேலும் கீழும் வளைத்துப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொன்னாள்: எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது, இப்போது நீதான் கையைப் பூட்டி வைத்திருக்கிறாய். ஓட வைக்காத கை இறுகிக்கொண்டே போகும், திங்கட்கிழமைக்கென்று மிச்சம் பிடித்து வைக்க முடியாது. விரல்கள் மட்டும் முந்தியதை விடப் பரவாயில்லையே, என்ன செய்தாய் என்று கேட்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னேன். சிரித்துவிட்டு, இன்னும் விளையாடு, ஆனால் வீட்டு வேலையும் செய் என்றாள்.

சப்வேயில் வரும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டில் ஒருத்தி, இங்கே ஒருத்தி, ஆளுக்காள் எனக்குப் புத்தி சொல்ல வெளிக்கிட்டுவிட்டார்கள். ஆத்திரம் அடங்கினதும் பயம் வந்தது. நல்ல பயம். அத்தனை நாளாகக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கதிரையை நானே கைவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்தேன். மாவைக் குழைத்து, இடியப்ப உரலுக்குள் அடைத்து, வலது கையால் பிழிந்தேன். முதல் தட்டு முடிவதற்குள் கண்ணால் தண்ணீர் ஓடியது. நிறுத்தவில்லை. "பிழியடி, பிழி" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாவு முடியும்வரை பிழிந்தேன். இடியப்பம் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் ஓட்டை. கணவர் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார், பிழைக்கத் தெரிந்த மனுசன். அதன்பிறகு கடை இடியப்பம் வீட்டுக்குள் வரவில்லை. பந்தும் அலுமாரியை விட்டு வெளியே வந்தது.

விளையாட்டிலும் கேற்றடியிலேயே நல்ல துவக்கை எடுத்தேன். பாதி வழியில் ரவை முடிந்தது. முடிந்தால் என்ன, அதைப் போட்டுவிட்டு அங்கே கிடந்த வேறொன்றை எடுத்தேன். அதுவும் முடிந்தது, அதையும் போட்டேன். லேசாக வந்தது என்று சொன்னால் பொய். ஒவ்வொன்றையும் விட்டுவிட்டு நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன், பார்த்ததாலேயே இரண்டு முறை செத்தேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்கு முதல்நாள், ஞாயிறு மத்தியானம், கடைசி முற்றத்தில் கை நடுங்கவில்லை. நொந்தது, ஆனால் நடுங்கவில்லை. படகில் ஏறிவிட்டேன். மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். சேவ் பண்ணவா என்று திரை கேட்டது. பண்ணாமல் விடுவேனா?

திங்கட்கிழமை லைனில் போய் இருந்தேன். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். முதலில் கை நன்றாகத்தான் ஓடியது. தேத்தண்ணி இடைவேளைக்குப் பிறகு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வலி ஏறத் தொடங்கியது. உடனே அந்தப் பழைய புத்தி வந்தது: கொஞ்சம் ஆறுதலாகச் செய், கடைசிக்குக் கொஞ்சம் மிச்சம் வை. 'மிச்சம் வைச்சுக் கிழிச்சாய்' என்று என்னையே ஏசினேன். திருகாணியை எடுத்தேன், முறுக்கினேன், அடுத்ததை எடுத்தேன். வலித்தால் வலிக்கட்டும், நான் எழும்புவதாக இல்லை.

மத்தியான மணி அடித்தபோது என் தட்டில் மற்றவர்களுடைய அளவுக்குப் பலகைகள் இருந்தன. சூப்பர்வைசர் ஒன்றை எடுத்துப் பிரட்டிப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். நல்லது என்றார். போக வெளிக்கிட்டவர் திரும்பி, பின்னேரமும் இருப்பாயா, ஒரு ஆள் வரவில்லை என்று கேட்டார்.

காலைப்பொழுது மட்டும் என்றுதான் பேச்சு. அதை நம்பி நான் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டிருந்தேன், கைக்குள் ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. "ஓம்" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, நான் தலையாட்டினதைப் பார்த்து விளங்கிக்கொண்டு போனார். அந்தப் பின்னேரம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்கு இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியாது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததும், மாலை மணி அடித்ததும் நினைவிருக்கிறது.

கோட்டு மாட்டி வைக்கிற இடத்தில் நின்று பட்டன் பூட்டப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை. இடது கையாலும் பார்த்தேன், சரிவரவில்லை. லைனில் என் பக்கத்துக் கதிரைக்காரி, மன்னார்ப் பெண், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, வாய் ஓயாமல் கதைக்கிறவள், கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு வந்து முன்னால் நின்றாள். கழுத்தடியிலிருந்து முழங்கால் வரை ஒவ்வொரு பட்டனாகப் பூட்டிவிட்டாள்.

"நாளைக்கும் வருவியோடி?"

"வராமல்? கதிரை என்ரையெல்லோ."

"அப்ப கை?"

"கையும் என்ரைதான்" என்றேன். "அதையும் இழுத்துக்கொண்டு வருவன்."