எதிர் வீட்டிலிருந்து குடிவந்தவர்

அந்தக் கதவைப் பார்த்தாலே கோஷிபாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். சாவி கிடையாது, எண்ணை அமுக்க வேண்டும். ஒரு எண் தவறினால் போதும், ஏதோ திருடனைக் கண்டதுபோல் கீச்சிடும். உள்ளே போனால் விளக்குகள் தாமாக எரியும், குளியல் தொட்டி பேசும். பழைய உத்தரத்தை மட்டும் கழுவித் துடைத்து, அதற்குக் கீழே வரிசையாக விளக்கு போட்டிருந்தார்கள். போதாததற்கு ஆகஸ்ட் மாத வெயிலில் தரை சுட்டது. குளிர்காலத்தில் தரையைச் சூடாக்க வைத்த பொத்தானை எப்படியோ அமுக்கிவிட்டார், அணைக்கத் தெரியவில்லை.

கியோட்டோவில் நெசவுத் தறிகள் ஓடிய நிஷிஜின் பக்கத்துச் சந்து அது. டாக்ஸி ஓட்டும் கோஷிபா பிறந்ததே அங்கேதான். வெளியூர்க்காரர் ஒருவர் அந்த வீட்டை வாங்கி, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடக் கிளம்பியபோது, "வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் பலகை எழுதித் தொங்கவிட்டவரும் அவர்தான். இப்போது அதே வீட்டில் மனைவி மசுயோவோடு குடியிருக்கிறார். சொந்த வீடு நேர் எதிரே. முன்பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது, தச்சர் மொத்தத்தையும் பிரித்துப் போட்டிருந்தார்.

வேறு தெருவுக்குப் போயிருக்கலாம். ஆனால் இந்த வருஷம் ஜிஸோ விழா அவர் முறை. சந்துக் கோடியில் இருக்கும், பிள்ளைகளைக் காக்கும் அந்தக் கல் சாமியைக் குளிப்பாட்டி, முறைக்காரர் வீட்டு முன்னறையில் வைப்பார்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பெரிய ஜெபமாலையைக் கைமாற்றி உருட்டுவார்கள். சந்தைவிட்டு வெளியேறினால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். போன முறை தகப்பனார் படுக்கையில் கிடந்ததால் கைநழுவிப் போனது. இதுவும் போனால் அடுத்தது வரும்போது தான் இருப்போமா என்பதே அவருக்குச் சந்தேகம்.

விழாவுக்கு அழைக்கப் போனால் ஒருத்தரும் பிடி கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பாம். இன்னொரு வீட்டில் "பாக்கலாம்ங்க" என்றார்கள். அந்தச் சந்தில் "பாக்கலாம்" என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம்.

காலையில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு தெராவுச்சி அம்மா துடைப்பத்தோடு வந்தாள். கோஷிபாவுக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து தெரிந்தவள்.

"அடடா, நீங்க எதுக்குங்க பெருக்கிறீங்க? விருந்தாளிங்கள இப்படி வேலை வாங்கலாமா? வீட்டுக்காரங்க ஆள் அனுப்ப மாட்டாங்களா?"

துடைப்பத்தை வீசிவிட்டு உள்ளே வந்தார். அதற்கும் கதவு இரண்டு தடவை கீச்சிட்டது.

"என்னைப் பாத்து விருந்தாளிங்கறா! இந்த வீட்டுல இருக்கேன்னுதானே எல்லாரும் ஒதுக்கறாங்க? நானா ஆசைப்பட்டு வந்தேன்?"

மசுயோ மீன் பொரித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, குடி வந்தன்னிக்கு அக்கம்பக்கத்துக்குத் துண்டு குடுத்து வணக்கம் சொன்னோமா?"

"எதுக்குடி? எதிர் வீட்டுலேருந்து வந்ததுக்கா? பொறந்ததுலேருந்து என் மூஞ்சியத்தானே பாக்கறாங்க!"

"வீடு மாறினா மாறினதுதான். சந்துக் கூட்டத்துல மேஜையத் தட்டினது யாரு? 'வீட்ட வாங்கினவன் ஒரு வணக்கமாவது சொன்னானா'ன்னு கத்தினீங்களே, தொண்டை கட்டிக்கிச்சே."

மீன் பொரித்த புகைக்குப் புகைமணி வேறு அலறியது. கோஷிபா முக்காலி போட்டு ஏறி, அதன் வாயை ஈரத்துணியால் பொத்திக்கொண்டு நின்றார். நிற்க நிற்க, மனைவி சொன்னதுதான் சரி என்பது உறைத்தது. அது எரிச்சலை இன்னும் ஏற்றிவிட்டது.

எதிரே மூன்று வீடு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. புதிதாகக் குடிவந்தவர் வணக்கம் சொல்லப் போகவேண்டிய கணக்கு அதுதான். துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, வேகாத வெயிலில் கழுத்துவரை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

முதலில் தெராவுச்சி அம்மா வீடு. இடுப்பு வளையக் குனிந்தார்.

"புதுசா குடி வந்திருக்கேன். கோஷிபான்னு பேரு. கொஞ்சம் பாத்துக்கோங்க."

அவள் முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. "ரொம்ப சந்தோஷம். எந்தப் பக்கத்துலேருந்து வர்றீங்க?"

பல்லைக் கடித்தார். "எதிர் வீட்டுலேருந்து."

"அப்படியா! தூரந்தான். அலைச்சல் ஜாஸ்தியா இருந்திருக்குமே." துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ஜிஸோ உங்க வீட்டுலதானாமே? தரை சுடுதாம், பிள்ளைங்க எப்படி உக்காரும்?"

"அணைக்கத் தெரியலைங்க."

"என் மருமகள அனுப்பறேன். அவளுக்கு அந்த மாதிரி பொத்தானெல்லாம் அத்துப்படி. விழாவுக்கும் சேத்துதான் சொல்றேன், நாங்க எல்லாரும் வருவோம்."

மறுபக்கத்து வீட்டிலும் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்ற அதே கேள்வி. எதிர்வரிசையின் முதல் வீட்டிலும் அதே. மூன்றாவது வீட்டில் நீச்சல் வகுப்புப் பிள்ளையின் அம்மா, வகுப்பை வேறு நாளுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் கேட்டாள்.

கையில் ஒரு துண்டு மிச்சம். எதிரே இருக்கும் மூன்று வீட்டில் நடு வீடு அவருடையதேதான். பிரித்துப் போட்ட முன்பக்கத்தில் ஏணிமேல் நின்ற தச்சரிடம் அதை நீட்டினார்.

தச்சர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். "அக்கம்பக்கத்துக்குப் புதுசா, அண்ணே? எங்கேருந்து வர்றீங்க?"

"நீ நிக்கறியே, அங்கேருந்துதான்யா!" என்று கத்திவிட்டு, தன் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சந்தைக் கடந்தார் கோஷிபா. எண் மறந்துவிட்டது. கதவு கீச்சிட்டது.