ரெண்டு பக்கம் பெல்

பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக பெல் அடிப்பவளை எல்லோரும் மணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் கடைசி பீரியடில் கம்ப்யூட்டர் ரூம் காலியாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் டீச்சர் அவளை உட்கார வைத்து, "தெரிஞ்ச வார்த்தை ஏதாவது அடிங்கக்கா" என்றாள்.

மணியக்காவுக்கு வேறென்ன தெரியும்? 'பெல்' என்று அடிக்கப் போனவள், கையால் எழுதுகிற பழக்கத்தில் முதலில் கொம்பைத் தட்டினாள். எழுத்தில்லாத கொம்பு திரையில் அநாதையாக நின்றது.

"முதல்ல ப, அப்புறம்தான் கொம்பு."

அப்படியே தட்டினாள். பின்னால் வந்த கொம்பு ஒரே தாவாகத் தாவி ப-வுக்கு முன்னால் போய் நின்றது.

"அடேயப்பா! சொல்லாமலே அதுக்கு இடம் தெரியுதே!" என்றாள் மணியக்கா. மறுபடி 'பெல்' என்று தட்டினாள், மறுபடி கொம்பு தாவியது.

பள்ளிக்கூடம் விட வேண்டிய நேரம் தாண்டி, பெரிய டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏம்மா, பெல் அடிச்சியா இல்லையா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ரெண்டு பக்கம் அடிச்சுட்டேன் டீச்சர்."