ஆறு பேசின் தண்ணீர்

மண்வெட்டிப் பிடியால் ஒரு மனிதனின் கையை முறித்தவன் நான். ஒரு செடிக்காக.

அது மெக்சிக்கோ மலைக்காட்டுச் செடி. இலையைத் தின்றால் கண்முன்னே ஏதேதோ தோன்றுமாம். நான் ஒரு இலைகூடக் கிள்ளியதில்லை. யாழ்ப்பாணத்துக் கரவெட்டி வெயிலில் அதை உயிரோடு வைத்திருக்கிறேன் என்ற திமிரே எனக்குப் போதையாக இருந்தது. காற்றில் ஈரம் குறைந்தால் துவண்டுவிடும் என்று பின்வளவில் பொலித்தீன் பந்தல் போட்டு, சுற்றிலும் ஆறு பேசின்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் பந்தல் கிழிந்து கிடந்தது. பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணை மூன்றாவது பேசினைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரைக் கேட்டு உள்ளுக்கு வந்தனியடா?"

அவரை அன்றுதான் முதன்முதலாக 'டா' போட்டேன். அவர் வாய் திறக்குமுன் அடித்தேன். தடுத்த கையில் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. விழுந்தவரை அடிக்க மறுபடியும் ஓங்கினேன்.

"அடி. என்ரை பிள்ளை டெங்குவோடை ஆசுப்பத்திரியிலை கிடக்கிறாள். உந்தத் தண்ணியைப் பார்த்திட்டு அடி."

பார்த்தேன். கொட்டிய நீரில் நுளம்புப் புழுக்கள் நெளிந்தன.

அவரை ஆசுப்பத்திரிக்கு நானே கொண்டுபோனேன். "கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டன்" என்று டொக்டரிடம் சொன்னார்.

"ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ பொலிஸ், மறியல் எண்டு உள்ளுக்குப் போனா மிச்ச மூண்டையும் ஆர் கவிழ்க்கிறது?"

கவிழ்த்தேன். செடி மூன்று நாளில் கருகியது. அவருடைய மகள் பிழைத்து வந்தாள்.

இப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் முறிந்த அந்தக் கையால் அவர் தண்ணீர் அள்ளும்போது கிணற்றுக் கப்பி பாதியில் நின்று நின்று சுழல்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் நான் வீட்டுக்குள் போய்விடுகிறேன்.