கெய்ரோவுக்குப் போன எங்கள் ழகரம்

மக்காவில் நாங்கள் குடித்த தண்ணீருக்குத் தனி மணம் உண்டு. மண்ஜாடிக்குள் பிசின் புகை காட்டிய பிறகுதான் ஊற்றி வைப்பார்கள்... திருவிதாங்கோட்டுக் கிணற்றுநீர் குடித்து வளர்ந்த எனக்கு முதலில் தொண்டையில் இறங்கவில்லை. பிறகு அது இல்லாமல் தாகம் தீரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மார்க்கக் கல்விக்குப் புறப்பட்ட என் வீட்டுக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். ஹஜ்ஜை முடித்து அங்கேயே தங்கினோம்.

மக்காவில் படிப்பு என்றால் பள்ளிவாசல் தூணடியில் வட்டமாக உட்கார்வது. ஜாவாக்காரர், புகாராக்காரர், நம்மவர்... அவரவர் நாக்குக்கு வந்தபடி ஓதினார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

அடுத்து கெய்ரோ. டிராம் சத்தம், தெருவெல்லாம் அவித்த மொச்சை வாசம். செலவெழுதுகிறவள் சொல்கிறேன், மக்காவில் காசைத் தண்ணீர் தின்றது. கெய்ரோவில் சோப்பு தின்றது. அவ்வளவு புழுதி.

அங்கே மதரஸாவில் சேரக் குர்ஆன் ஓதிக் காட்ட வேண்டும். முதல் அத்தியாயத்தை இவர் ‘வலழ்ழாலீன்’ என்று முடிக்க, வகுப்பே சிரித்ததாம். நம் ஊரில் ழ போட்டு ஓதும் அந்த அரபு எழுத்து, அங்கே நாக்கோரத்தைக் கடைவாய்ப் பல்லில் அழுத்திச் சொல்லும் கனத்த ‘த’. ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் வராவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அறைக்குள் ஓயாமல் ஓதினார். நான் ரொட்டி சுட்டபடி காது கொடுத்தேன்.

“ஏட்டி, இப்ப சரியா?”

“இல்ல. மழ இன்னும் தோரல்ல.”

மழை நிற்பதை நாங்கள் தோர்வது என்போம். அவர் வாயில் ழ வரும்போதெல்லாம் இதையே சொன்னேன். முறைப்பார்... மறுபடி ஓதுவார்.

தவணை முடிந்த அன்று வாசலிலேயே சொன்னார்: “ஏட்டி, மழ தோந்தாச்சு.”

படித்து முடித்து ஊருக்கு வந்து, முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழவைத்தார். வெளியே வந்ததும் என் பெரிய மாமா பிடித்துக்கொண்டார்.

“மருமோனே, நீரு ஓதிட்டு வந்தீரா, மறந்துட்டு வந்தீரா? நம்ம ழ எங்க வே?”

“கப்பல்ல விட்டுட்டேன் மாமா.”

“அப்ப அடுத்த கப்பல்ல போய் எடுத்துட்டு வாரும்.”

அவர் போகவும் இல்லை, மாற்றி ஓதவும் இல்லை. ஊர்தான் மெல்லப் பழகியது.

இப்போது குவைத்திலிருந்து வரும் பேரன்மார் ‘ரமதான்’ என்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. தொழுகையில் நானும் கெய்ரோ ஓத்துதான். ஆனால் பிறை கண்டதும் என் வாயில் வருவது ரமழான்...

அந்த ஒரு மழை எனக்குத் தோரவே வேண்டாம்.