ஊர்ப் பெடியனிடம் கணக்குக் கேட்காதவர்

மாதம் முடிந்து இருபத்தைந்து நாட்களுக்குள், கட்சிக்காரர்கள் நம்பி ஒப்படைத்த வங்கிப் பணத்தை அவரவர் கணக்கோடு வழக்கறிஞர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த வேலையைச் செய்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான்; செய்யாதவர்களுக்கு இன்னும் நரைக்கவில்லை.

எங்கள் தமிழர் குடியேறிய குளிர்நாட்டு ஊரான மில்லிக்கனில், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அந்தக் கட்சிக்காரரைச் சந்தித்தேன். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் குளிர்கோட்டைக் கழற்றமாட்டார். வீடு வாங்க அவர் கட்டிய காசு அங்கே முடங்கிக் கிடந்தது.

"கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்டனீங்களோ, அண்ணை?"

"லோயர் எங்கட ஊர்ப் பெடியன். கேட்டால் மனம் நோகுமெல்லே."

"காசு போனால் உங்கட மனம்?"

"அதுக்குப் பழகிப்போச்சு" என்று சிரித்தார்.

கெஞ்சித்தான், கணக்குக் கேட்டு அந்த வழக்கறிஞருக்கு அவரைக் கடிதம் எழுத வைத்தேன். 'கணக்குகள் சரிபார்க்கப்படுகின்றன' என்ற ஒற்றை வரிப் பதில், அவர் பார்த்து வைத்த வீட்டில் வேறொரு குடும்பம் பால் காய்ச்சிய தைப்பூசத்தன்று வந்தது.