எறிக்காவின் பிழைக் கொப்பி

எறிக்காவை மொக்குப் பெட்டை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மொக்கு என்றால் பொய் சொன்ன அன்றைக்கே பிடிபட்டிருப்பாளே! ஒரு பொய்யை எட்டு வருசம் கட்டிக் காத்தவளுக்கு மூளை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? மூளை இருந்தது. கணக்குத்தான் வரவில்லை.

ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் டச்பார் என்கிற குடியிருப்பு. அங்கே இருந்த, வெள்ளைக்காரர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் ஒன்று தச்சுவேலை கிளோட்டின் வீடு. மனைவி இல்லாத மனிதர். எறிக்கா அவருக்கு ஒரே மகள். வேலிக்கு அந்தப் பக்கம் தையல்காரி தெல்மாவும் அவள் மகள் ரெனியும். தெல்மா எறிக்காவுக்கு ஞானத்தாய். பேச வாய் வராத கைக்குழந்தையாக எறிக்கா கோயிலில் ஞானஸ்நானத்துக்குக் கிடந்தபோது, அவளுக்குப் பதிலாகப் பசாசை விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் சொன்னது தெல்மாவின் வாய்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இரண்டாயிரத்தொன்றில் ஓ.எல். என்கிற பதினாறு வயதுப் பரீட்சையின் பெறுபேறு வந்தது. ரெனிக்குக் கணிதத்தில் திறமைச் சித்தி, சீ. எறிக்காவுக்குச் சித்தியே இல்லை. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தால் வரும்போது தெல்மா வேலிப் படலையடியில் நின்றாள்.

"என்னகா, ரெண்டு பேரும் பாஸா?"

எறிக்காவின் வாய் முந்திவிட்டது. "ஓம் ஆன்ரி, கணக்கில ரெண்டு பேருக்கும் சீ!"

ரெனி திரும்பிப் பார்த்தாள். கையில் ஒரு நுள்ளு நுள்ளினாள். அவ்வளவுதான். தாய்க்குக்கூட அவள் வாய் திறக்கவில்லை. பெறுபேற்றுத் தாளை எறிக்கா ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, அலுமாரியின் அடித்தட்டில், பழைய உடுப்புகளுக்குக் கீழே தள்ளிவிட்டாள். கிளோட் எதையாவது தேடி அலுமாரியைத் திறக்கிற நேரமெல்லாம் நான் எடுத்துத் தாறன் என்று அவள் முந்திக்கொள்வாள்.

இரண்டாயிரத்து நாலு, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு. கிளோட்டும் எறிக்காவும் தெல்மாவும் பட்டணத்துக் கோயிலுக்குக் காலைப் பூசைக்குப் போய்விட்டார்கள். முதல்நாள் ஆடின ஆட்டத்தில் ரெனியால் எழும்ப முடியவில்லை. "நான் பின்னேரம் போறன் மமி" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். கடல் வந்து போனபிறகு அங்கே வீடுகளும் இல்லை, ரெனியும் இல்லை.

நாலாம் நாள், பள்ளிக்கூட முகாமில் கிராம சேவகர் மேசை போட்டு, யார் யாருக்கு என்னென்ன பத்திரம் போனது என்று எழுதினார்.

"ஓ.எல். சேட்டிபிக்கற்?"

"அதுவும் போயிற்று."

சொன்னவுடனே எறிக்காவுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. நிம்மதி! பக்கத்து மேசையில் தெல்மா, காணாமல் போனவர்களின் பட்டியலில் எழுதுவதற்கு மகளின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எறிக்காவுக்கு உடனே தன்மேலே அருவருப்பு வந்தது. ஆனால் முந்தி வந்தது நிம்மதிதான். சீ, நானும் ஒரு மனிசியா என்று அவள் எத்தனையோ தரம் தன்னைத் திட்டினாள். திட்டினால் போய்விடுமா?

பிறகு தகரக் கொட்டில், அதன்பிறகு வாவிக்கு இங்கால் ஒரு வீட்டுத்திட்டத்தில் வீடு. அங்கேயும் தெல்மா பக்கத்து வீடுதான். கிளோட் கூரைவேலை செய்த இடங்களில் எறிக்கா அளவு நாடா பிடித்து, மரக்கணக்கு எழுதிப் பழகினாள். "பட்டணத்துக் கல்லூரியில கணிய அளவையியல் படிப்பிக்கிறாங்க பிள்ளை, கட்டிடத்துக்கு எவ்வளவு கல்லு, எவ்வளவு சீமெந்து எண்டு கணக்குப் பாக்கிற படிப்பு. உனக்கு நல்லாப் பொருந்தும்" என்று ஒரு மேற்பார்வையாளர் சொன்னார். அதற்கு ஓ.எல். கணிதத்தில் சீ வேண்டும். கடலில் பத்திரத்தைப் பறிகொடுத்தவர்கள், கொழும்பிலிருந்து பிரதி எடுத்துத் தரும்வரைக்கும், சாட்சியோடு ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் போதுமாம்.

சாட்சிக்கு யார்? கேட்கவும் வேண்டுமா! தெல்மா வெள்ளைச் சட்டை உடுத்து, சமாதான நீதவானுக்கு முன்னால் போய் நின்று, கழுத்துச் செபமாலையை முத்தமிட்டாள். "ரெண்டு பிள்ளைக்கும் சீ. எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். வரும்போது, "ஞானஸ்நானத்தில ஒருக்கா, இண்டைக்கு ஒருக்கா. உனக்காக ரெண்டு சத்தியம் பண்ணிட்டன் மகள்" என்று சிரித்தாள். மகள் போனபிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் எறிக்கா கண்டாள். அடுத்த ஞாயிறு தொடக்கம் பூசையில் எறிக்கா நற்கருணை அப்பம் வாங்க எழும்பவில்லை; பாவத்தோடு அதை வாங்கக்கூடாது. கோயில் சனம் பெட்டைக்கு ஏதோ காதல் கீதல் என்று குசுகுசுத்தது.

கல்லூரியில் முதல் வருடம் அடிப்படைக் கணிதம் என்று ஒரு பாடம். சார்பு, மடக்கை, சைன், கோசைன். பின்னால் வரப்போகிற பெரிய கணிதத்துக்கு இதுதான் அத்திவாரம் என்று சொல்லிப் படிப்பித்தவர் சீனித்தம்பி சேர். முதல் மாதப் பரீட்சையில் ஒரு கூரை, கிடையாகப் பன்னிரண்டு அடிக்கு ஐந்து அடி உயருகிறது, அதன் சாய்வுக் கோணம் என்ன என்று ஒரு கேள்வி. எறிக்காவுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. தகப்பனோடு எத்தனை கூரையில் அளவு பிடித்தவள்! தச்சர் வாயில் கோணம் எங்கே வந்தது? வாட்டம் என்ன, எத்தனைக்கு எத்தனை என்றுதான் கேட்பார்கள். அவள் வடிவான எழுத்தில் விடை எழுதினாள்: "பன்னிரண்டுக்கு ஐந்து."

சீனித்தம்பி சேர் அதை வகுப்பில் உரத்து வாசித்தார். "பிள்ளை, நான் கேட்ட கேள்வியையே எனக்குத் திருப்பித் தந்திருக்கிறாய்." வகுப்பு கொல்லென்று சிரித்தது. நூற்றுக்குப் பதினொன்று. வகுப்பிலேயே வயது கூடியவள், மானம் கப்பலேற மேசையைப் பார்த்தபடி இருந்தாள். சிரித்தவர்களில் ஒருவனாவது அவளைப்போலக் கூரை ஏறியிருப்பானா? அது கிடக்கட்டும்.

சிரிக்காத ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். கரடியனாற்றிலிருந்து வந்த வதனி. இருபது வயது. சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவள். அண்ணன் போர் நடந்த வன்னியில் அகப்பட்டுப் பல மாதமாய்த் தொடர்பில்லை. அவள் எறிக்காவின் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு இந்தப் பாடம் வரல்ல எண்டில்ல. பின்னம் கூட்டவே தெரியல்லயே!" என்றாள்.

உண்மைதான். அரையும் மூன்றிலொன்றும் எவ்வளவு என்று கேட்டால் எறிக்கா மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டி ஐந்தில் இரண்டு என்பாள்.

"அரை றாத்தல் பாண் வாங்கினீங்க. அதோட இன்னுமொரு துண்டும் வாங்கினீங்க. இப்ப கையில கிடக்கிறது அரையை விடக் குறைஞ்சிருமா? ஐந்தில ரெண்டு அரையை விடச் சின்னன் அக்கா!"

எறிக்கா வாயைப் பிளந்தாள். இருபத்துநாலு வயதுவரைக்கும் ஒருத்தரும் அவளுக்கு இதைப் பாண் வைத்துச் சொல்லவில்லை.

அன்று தொடங்கியது. ஏழாம் ஆண்டுப் புத்தகத்திலிருந்து ஏறி வரவேண்டும் என்றாள் வதனி. எறிக்கா அந்தப் புத்தகங்களைத் தேடி எடுத்து, பஸ்ஸில் ஒருவரும் காணாமல் அவற்றுக்குச் செபப் புத்தகத்தின் உறையை மாட்டிவிட்டாள். என்ன பக்தியான பிள்ளை என்று பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி மெச்சினாள். எறிக்காவுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அவள் படித்த விதம் ஒன்று இருக்கிறது. சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஆத்தும சோதனை செய்யச் சொல்லித் தெல்மா சின்ன வயதில் பழக்கியிருந்தாள். என்ன பாவம், எத்தனை தரம், ஏன் செய்தேன், ஒன்றும் ஒளிக்கக்கூடாது. அதேமாதிரி எறிக்கா ஒரு பிழைக் கொப்பி போட்டாள். "அடைப்பை உடைக்கும்போது குறி மாற்றாமல் விட்டது. ஒன்பது தரம். அவசரம்." "கூட்டலுக்கு மடக்கை எடுக்கும்போது தனித்தனியாக எடுத்தது. ஆறு தரம். விதி பெருக்கலுக்கென்று மறந்தது." "கோணம் கேட்க வாட்டம் சொன்னது. ஒரு தரம். அகம்பாவம்." வதனி வாசித்துவிட்டு வயிறு நோகச் சிரித்தாள். ஆனால் கிழமைக்குக் கிழமை எண்ணிக்கை குறைந்தது. எந்தப் பிழை எங்கே வரும் என்று தெரிந்தவளுக்கு அந்த இடத்தில் பேனை தானாக நின்றது. இரண்டாம் பரீட்சையில் முப்பத்தெட்டு. மூன்றாவதில் ஐம்பத்தாறு. வாட்டம் பன்னிரண்டுக்கு ஐந்தென்றால் கோணம் இருபத்திரண்டு பாகையும் சொச்சமும் என்று தகப்பனிடமே சொல்லிக் காட்டினாள். கிளோட், "கூரை ஒழுகாட்டிச் சரி" என்றார்.

ஒரு பிழை மட்டும் அந்தக் கொப்பியில் ஏறவில்லை. எது என்று உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்பது, வைகாசி. வருட இறுதிப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்க, போர் முடிந்தது என்று வானொலி சொன்னது. நாட்டுக்கு விடுமுறை, பரீட்சை ஒரு கிழமை பின்போடப்பட்டது. கல்லூரி வாசலில் அந்த அறிவித்தலைப் பார்த்தவுடன் எறிக்காவின் வாய் மறுபடியும் முந்திவிட்டது.

"அப்பாடா! ஒரு கிழமை கிடைச்சிட்டு."

பக்கத்தில் வதனி. அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத வதனி. அவள் ரெனி பார்த்தமாதிரியே ஒருதரம் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எறிக்கா பின்னால் ஓடி, "பிழை சொல்லிட்டன் வதனி" என்று கையைப் பிடித்து அழுதாள். "சரி அக்கா, விடுங்க" என்றாள் அவள். அந்தச் "சரி" எறிக்காவுக்கு அடியைவிட நொந்தது. ஊர் எரிகிற நேரம் எனக்கு மட்டும் எப்போதும் நிம்மதி வருகிறதே, நான் என்ன பிறவி என்று தன்னையே கேட்டாள்.

பரீட்சை எழுதினாள். எழுபத்தெட்டுப் புள்ளி. வகுப்பில் இரண்டாவது. சீனித்தம்பி சேர் அதையும் உரத்து வாசித்தார். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை.

செய்தி கேட்டுத் தெல்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சும்மாவா கையெழுத்து வைச்சனான்! ரெனி இருந்திருந்தா..." என்று தையல் மெசினில் எறிக்காவுக்கு ஒரு புதுச் சட்டை தைக்கத் தொடங்கிவிட்டாள். எறிக்கா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு அப்படியே நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். படலையடியில் சொன்ன பொய், தகரம், சத்தியக் கடதாசி எல்லாம். முகாமில் வந்த நிம்மதியையும் சொன்னாள்.

மெசின் நின்றுவிட்டது.

"கடதாசிட கதையப் பிறகு பாப்பம்" என்றாள் தெல்மா. "நான் ரெனிட பேரச் சொல்லிக்கொண்டு நிண்ட நேரம் உனக்கு நிம்மதியா இருந்ததா?"

"ஓம் ஆன்ரி."

"அதை ஏன்கா எனக்குச் சொன்னாய்?"

தெல்மா அரைகுறையாய்த் தைத்த துணியை மடித்து வைத்தாள். "என்ட பேரில ஒரு பொய்ச் சத்தியம் கிடக்கு. அது உண்மையாகுமட்டும் நானும் நற்கருணைக்கு எழும்பன். போ."

மறுநாள் எறிக்கா சீனித்தம்பி சேரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எழுபத்தெட்டு எடுத்த பிள்ளை நீ. இனிக் கொழும்புக்கு எழுதி ஆர் கேக்கப்போறான்? பேசாம இரி."

"கடதாசிக்கு அடியில ஆன்ரிட கையெழுத்துக் கிடக்கு சேர்."

அவர் பெருமூச்சு விட்டு, அவளை அதிபரிடம் கூட்டிப்போனார். பெயரை வெட்டினார்கள். ஓ.எல். கணிதத்தில் சீ எடுத்தால் திரும்பவும் விண்ணப்பிக்கலாம், எழுபத்தெட்டுச் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து. பொல்லைக் கொடுத்து அடி வாங்கின கதைதான். விடயம் ஊருக்கும் கசிந்தது. "கள்ளச் சேட்டிபிக்கற்" என்று சந்தியில் பெடியன்கள் கூப்பிட்டார்கள். கிளோட் மகளோடு ஒரு மாதம் பேசவில்லை. வதனி மட்டும் தன்னுடைய குறிப்புக் கொப்பிகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணனைப் பற்றி அன்றைக்கும் தகவல் இல்லை.

அந்த வருடத்து ஓ.எல். விண்ணப்பத்துக்குத் திகதி போய்விட்டிருந்தது. அடுத்த வருடம் மார்கழிவரை காத்திருந்தாள். ஞாயிறு தவறாமல் கோயிலில் ஒரே மர வாங்கில் இரண்டு பெண்கள், இந்தத் தலைப்பில் ஒருத்தி, அந்தத் தலைப்பில் ஒருத்தி. எல்லாரும் நற்கருணைக்கு எழும்புகிற நேரம் இவர்கள் இருவரும் அசையாமல் இருப்பார்கள். தெரியாமல் செய்த சத்தியம் பாவமில்லை என்று சுவாமியார் சொல்லிப் பார்த்தார். தெல்மா கேட்கவில்லை. தன் பாவத்துக்கு இன்னொருத்தி நற்கருணை இல்லாமல் பட்டினி கிடக்கிறாள் என்பதைச் சகிப்பதைவிட, சந்திப் பெடியன்களின் வாயைச் சகிப்பது எறிக்காவுக்குச் சுகமாக இருந்தது.

மார்கழியில், பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், இருபத்தாறு வயதில் போய் இருந்தாள். அவளை மேற்பார்வைக்கு வந்த மிஸ் என்று நினைத்து ஒரு பிள்ளை எழும்பி வணக்கம் சொன்னது. "இரு மகள், நானும் உன்னப்போலதான்" என்றாள் எறிக்கா. காது மடல்வரை சுட்டது. பிழைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை மனதுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தெல்மாவிடம் சொன்ன அன்றைக்கே அதில் எழுதியிருந்தாள்: "பொய். எண்ணிக்கை தெரியாது. வெட்கம்."

பங்குனியில் பெறுபேறு வந்தது. தாளைக் கோயிலுக்கே கொண்டுபோய், வாங்கின் அந்தத் தலைப்புக்கு நீட்டினாள். தெல்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள்.

"ஏ எண்டு கிடக்கு."

"ஓம் ஆன்ரி."

"நான் சத்தியம் பண்ணினது சீக்குத்தானே." அவளுடைய வாயோரம் லேசாக அசைந்தது. "இப்பவும் ஒத்துவரல்ல."

பூசைக்கு முன்னமே இரண்டு பேரும் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். நற்கருணை நேரம் வந்தது. தெல்மா வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். எறிக்கா ஒதுங்கி, அவளை முன்னே போகவிட்டுப் பின்னால் போய் நின்றாள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தெல்மா நின்றுவிட்டாள். திரும்பாமலே சொன்னாள்: "ரெனி எப்பவும் எனக்கு முன்னுக்குத்தான் நிப்பாள். முன்னுக்கு வா."

எறிக்கா முன்னுக்கு வந்து நின்றாள். தலையை மட்டும் அவள் நிமிர்த்தவில்லை.